மாமியார் வைத்தியம்

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த தஸ்தகீருக்கு வலதுகால் பெருவிரல் கறுத்தது. ஜாக்கி விழுந்த அடி என்றுதான் நினைத்தார். கிருஷ்ணகிரி கிளினிக்கில் டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது அடி இல்ல, பீடி. காலுக்கு ரத்தம் போற குழாயை அடைச்சிருக்கு. இப்படியே குடிச்சா முதல்ல விரலு, அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. தவணை முறையில காலை எடுப்போம்."

லாரி டயரை மிதித்துக் கழற்றுகிற தொழில். ஒற்றைக்காலில் நின்று செய்ய அவர் என்ன கொக்கா?

பீடியை விடவைக்கிற பொறுப்பு நர்ஸ் பார்வதிக்கு. கோபமே வராத மனுஷி. அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம்.

"முதல் பீடி எப்பங்க?"

"கண்ணு திறக்கிறதுக்கு முன்னாடி சிஸ்டர்."

"நோன்பு மாசத்துல?"

"பகல்ல தொடமாட்டேன். பாங்கு சொன்னதும் ஒரு கையில பேரீச்சம்பழம், ஒரு கையில பீடி. எது முதல்ல வாய்க்குப் போவுதுன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

"அப்ப உங்களால முடியும். வேற எப்ப குடிக்கமாட்டீங்க?"

தஸ்தகீர் தலையைச் சொறிந்தார். "எங்க மாமியார் முன்னால."

பார்வதி பேனாவை மூடினார். "அவங்க எந்த ஊரு?"

"ராயக்கோட்டைங்க... ஐயோ சிஸ்டர், வேணாம்!"

மாமியார் காத்தூன் மறுநாளே வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்குக் கால் சரியில்லை, ஒத்தாசை வேண்டும் என்று மட்டும்தான் மகள் ஃபரீதா சொல்லியிருந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு திரை. காத்தூன் திரையை ஒதுக்கி, ஸ்டூல் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

"மாப்பிள்ளை டீ குடிச்சாச்சான்னு தெரியலையே" என்று காற்றடிக்கும் மெஷினைக் கேட்பார். "குடிச்சாச்சு" என்று தஸ்தகீர் டயரிடம் சொல்வார். லாரிக்காரர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வைத்தியம் பலித்தது. பக்கவிளைவும் இருந்தது. பீடியில்லாத தஸ்தகீர் கன்னடக்கார டிரைவரைக் கன்னடத்தில் திட்டினார், தெலுங்குக்காரரைத் தெலுங்கில் திட்டினார், தமிழ்க்காரர் வந்தால் மூன்றிலும் திட்டினார். ஸ்பானர் பறந்தது. காத்தூனுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு நாள், ஃபரீதா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம்,

"மாப்ளே" என்றார். மெஷினை அல்ல, அவரையேதான்.

தஸ்தகீர் கையில் இருந்த டியூப்பை நழுவவிட்டார்.

"எனக்காகத்தானே அடக்கிட்டுக் கெடக்கறீங்க? குடிங்க. நிக்காஹ் அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க தெருமுனையில வர்றப்பவே உங்க வாசனை பந்தலுக்கு வந்துடுச்சு."

மடியிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து ஸ்டூலில் வைத்தார். இத்தனை வருஷக் கூச்சமும் போன இடம் தெரியவில்லை. தஸ்தகீர் பற்றவைத்தார். மாப்பிள்ளைக்குக் கறிசோறு போட்டவர் போல காத்தூன் பார்த்துப் பூரித்தார். நாலு இழுப்புக்குள் பெருவிரல் விண்ணென்று தெறித்தது.

அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடினார். "எல்லாம் போச்சு சிஸ்டர். குடிச்சிட்டேன். காலை எடுத்துக்குங்க."

"ஒண்ணா, கட்டா?"

"ஒண்ணு. மிச்சம் மாமிகிட்ட இருக்குது."

"அப்ப ஒண்ணுதான் போச்சு. வெட்டற அவசரம் எங்களுக்கு இல்லீங்க. விரல் சமாச்சாரம் அவங்களுக்குத் தெரியுமா?"

"மாமியார்கிட்ட போய் எப்படிங்க..."

"சொல்லுங்க. இனி கடையில வாங்காதீங்க. வேணும்னா அவங்ககிட்டயே வாய்விட்டுக் கேளுங்க."

தஸ்தகீர் சொன்னார். காத்தூன் குனிந்து அந்த விரலை வெகுநேரம் பார்த்தார். பிறகு பீடிக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மாப்பிள்ளை கேட்டு இல்லைங்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல. கேட்டா குடுப்பேன். ஆனா கேக்கணும்."

எதிரில் குடிப்பது வேறு. கையேந்திக் கேட்பது வேறு. மறுநாள் காலையிலேயே தஸ்தகீருக்கு நாக்கு நமநமத்தது.

"மாமி."

"சொல்லுங்க மாப்ளே." கை இடுப்புக்குப் போயிற்று.

"...தண்ணி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "மாமி."

"மாப்ளே?"

"ராயக்கோட்டையில மழை உண்டா?"

மழை, தக்காளி, எந்தச் சின்னம்மா மகள் யாரோடு ஓடினாள் எல்லாம் பேசி முடித்தார்கள். "என்னைக் கட்டினதுலேர்ந்து எங்கிட்ட இவ்ளோ பேசல" என்று ஃபரீதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நகம் போகும், விரல் நிற்கும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றே காத்தூன் ஊருக்குக் கிளம்பினார். தஸ்தகீர் பஸ்ஸின் குறுக்கே விழாத குறை.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்க மாமி."

"பீடி எங்கிட்டதான் இருக்குது. வேணும்னா ராயக்கோட்டைக்கு வந்து கேளுங்க."

ஒரு வாரம் பல்லைக் கடித்தார். பிறகு கேட்டே விடுவது என்று பஸ் ஏறினார். மச்சான்கள் எல்லாம் சுற்றி உட்கார, தட்டு நிறைய சோறு வந்தது. "என்ன மாப்ளே, ஏதாவது வேணுமா?" என்று காத்தூன் எல்லார் எதிரிலும் சத்தமாகக் கேட்டார்.

"சும்மா, விரலைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் தஸ்தகீர். காலை நீட்டி, எல்லாரும் பார்க்க ஆட்டியும் காட்டினார்.