லெனோரா பைக் எழுதிய நாற்பத்தொன்பது தேர்வுகள்

லெனோரா பைக் 1964 செப்டம்பரில் ஹாலென்பெக் அரசு உயர்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். 2013 ஜூன் வரை அதே வகுப்பில், அதே பதினேழு வயதில் இருந்தாள். அவள் கணக்கில் தேறாததுதான் காரணம். ஜூன் மாதத்து மாநிலக் கணக்குத் தேர்வில் அறுபத்தைந்து வாங்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. லெனோரா வாங்கியது எப்போதும் அந்த ஆண்டு பள்ளி முழுவதும் வாங்கிய சராசரி. மற்ற பிள்ளைகளுக்கு முழு எண்ணில் மதிப்பெண் வரும், அவளுக்கு மட்டும் புள்ளி வைத்து வரும். 1967இல் 64.8 வாங்கினாள். தலைநகரத்திலிருந்து அதை அச்சுப் பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தி வந்ததும் 64.8தான்.

அவளைச் சேர்த்துக்கொண்டவர் அலுவலக எழுத்தர் கான்செட்டா ருஜியேரோ. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெற்றோர் யாரும் உடன் வரவில்லை. பள்ளியில் பெண் பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேல் என்பதால்தான் லெனோரா பெண்ணாக வந்தாள் என்பது கான்செட்டாவின் ஊகம். 1971இல் ஆண் பிள்ளைகள் மூன்று பேர் கூடிப்போனார்கள். அந்த ஆண்டு முழுக்க அவள் மேலுதட்டில் மெல்லிய மீசை இருந்தது, அடுத்த செப்டம்பரில் உதிர்ந்துவிட்டது. அவளுடைய முகவரி ஆண்டுதோறும் மாறியது. பிள்ளைகள் எல்லோருடைய வீடுகளுக்கும் நட்டநடுவில் எந்த இடம் வருகிறதோ அங்கே அவள் குடியிருந்தாள். 1969இல் அந்த இடம் மோஹாக் ஆற்றின் நடுவில் விழுந்தது. அந்த ஆண்டு ஈரக் காலணியோடு பள்ளிக்கு வந்தாள். நூற்றெண்பது வேலை நாட்களில் பதின்மூன்று நாள் வரமாட்டாள். பத்துப் பக்கத்துக்கு ஒரு பக்கம் இடது கையால் எழுதுவாள்.

தொடக்கத்தில் அவளுக்கு இத்தாலிய வீட்டுப் பிள்ளைகளின் கறுத்த முடியும், போலந்துக்காரர்களின் அகன்ற கன்னமும், ஐரிஷ்காரர்களின் முகத்துச் செம்புள்ளிகள் இருபத்தாறும் இருந்தன. வாரம் ஐந்து நாளும் மதியச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தாள். 1974இல் உள்ளாடை பின்னும் ஆலை மூடிக்கொண்டது. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு இலவசத் தட்டு கிடைத்தது. பிறகு இரண்டு நாள் ஆனது. புவெர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும் ஆலைத் தெருவின் காலி வீடுகளில் குடியேற, அவள் நிறம் மாநிறமாகியது, முடி சுருண்டது. போஸ்னிய அகதிகளை ஏற்றிய பேருந்துகள் ஊருக்கு வந்த ஆண்டுகளில் காப்பியைச் சின்னக் கோப்பையில் குடிக்கத் தொடங்கினாள். சோமாலியப் பிள்ளைகளும் பர்மா எல்லை முகாம்களில் பிறந்த கரென் பிள்ளைகளும் வந்தபோது செம்புள்ளிகள் நான்காகக் குறைந்தன, இலவசத் தட்டு வாரத்துக்கு நான்கு நாளாயிற்று. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை கூடும் பழைய மாணவர்கள் தங்கள் ஆண்டு மலரை விரித்து அவள் படத்தைத் தேடுவார்கள். “எங்க செட்டுலதான் அவ ரொம்ப அழகு” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்வார்.

1979ஆம் ஆண்டு செட்டில் இவெட் ரொசாடோ என்ற பெண் இருந்தாள். அவளும் லெனோராவும் புத்தகம் வைக்கும் அலமாரிகள் பக்கத்துப் பக்கத்தில். ஒரே சிகரெட்டை இரண்டாகக் கிள்ளிப் புகைத்தார்கள், ஒரே பையன்மேல் ஒரே மாதத்தில் ஆசைப்பட்டு ஒரே மாதத்தில் வெறுத்தார்கள். மேடையில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இறங்கும்போது படிக்கட்டில் ஒருத்திக்கு ஒருத்தி காத்திருப்பது என்று சத்தியம் செய்தார்கள். இவெட் எண்பத்தெட்டு வாங்கினாள். லெனோரா வாங்கியது 57.3. இவெட் தனியாக மேடையேறினாள். இறங்கியபோது படிக்கட்டில் யாரும் இல்லை. லெனோரா கடைசி வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு ஆண்டுகள் கழித்து இவெட் அதே பள்ளிக்குக் கணக்கு ஆசிரியையாக வந்தாள். முதல் நாள் வருகை எடுக்கும்போது மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வந்தது.

“ஏய் இவெட், குண்டாயிட்டடி.”

“மிஸ்னு கூப்பிடு. வெளிய நிக்க வெச்சிடுவேன்.”

“சரிங்க மிஸ். குண்டாயிட்டீங்க மிஸ்.”

அன்று முதல் பள்ளி விட்டதும் இவெட் அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். இப்படியே பதினான்கு ஆண்டுகள் போயின. லெனோரா எல்லாம் புரிந்துகொண்டாள், கரும்பலகையில் தப்பில்லாமல் போட்டுக் காட்டினாள். ஜூன் வந்தால் 55.1 வாங்கினாள், 56.4 வாங்கினாள். 1999இல் 53.9 வந்தபோது இவெட் விடைத்தாள்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

“எனக்குச் சொல்லிக் குடுத்து என்னடி பிரயோஜனம்?” என்றாள் லெனோரா. “ஜன்னல் பக்கம் ஒருத்தன் தூங்குறானே, அவன எழுப்பு. அவனுக்குப் புரிஞ்சா எனக்கு ஏறும்.”

இவெட் ஜன்னல் பக்கம் தூங்கியவனை எழுப்பினாள். பிறகு அவன் பின்னால் தூங்கியவளை. சராசரி ஆண்டுக்கு முக்கால் புள்ளி, ஒரு புள்ளி என்று ஏறியது. இவெட்டின் தலைமுடியும் அதே வேகத்தில் நரைத்தது.

2008இல் லாயிட் பெம்பர்ட்டன் தலைமை ஆசிரியராக வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மறு ஆண்டு ஜூனில், நாட்டுக்குப் புதிதாக வந்து இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முப்பத்தொரு பிள்ளைகளுக்குத் தேர்வு நாளன்று சுற்றுலா ஏற்பாடு செய்தார். ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் பழம் பறிக்கும் சுற்றுலா. கணக்கு ஆசிரியையின் கையெழுத்தும் அதற்கு வேண்டியிருந்தது. முன்னூற்றுப் பத்துப் பேரில் முப்பத்தொருவரைக் கழித்தால் என்ன வரும் என்று இவெட் முந்தின இரவே போட்டுப் பார்த்திருந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

லெனோராவுக்கு 65.6 வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் முதன்முறையாகச் சான்றிதழில் அவள் பெயரை அச்சடித்தார்கள். விழா நாளில் பெயர் கூப்பிட்டதும் மேடையேறி வந்து சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினாள். அருகில் நின்ற இவெட் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒன்பது விரல்கள்தான் இருந்தன. இடது சுண்டுவிரல் இருந்த இடம் காயமோ வடுவோ இல்லாமல், அங்கே எப்போதும் எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோல வழவழப்பாக இருந்தது.

“தேர்வு எழுத உக்காந்தப்பவே இல்ல” என்றாள் லெனோரா, ஒலிபெருக்கியில் விழாத குரலில். “பத்துல ஒண்ண நீ பழம் பறிக்க அனுப்பிட்ட.”

“உனக்காகத்தானேடி.”

“தெரியும். அதான் உன்ன ஒண்ணும் சொல்லல.”

சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனாள். செப்டம்பரில் அந்த முப்பத்தொரு பேரும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தபோது விரல் முளைத்திருந்தது. அதன் நகத்தில் மருதாணி இருந்தது. பெம்பர்ட்டன் அந்தக் குளிர்காலத்திலேயே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

தோட்டத்துக்குப் போனவர்களில் ஒருத்தி ஹலீமோ முயா. கென்யாவில் ஓர் அகதி முகாமில் பிறந்தவள். பதினான்கு வயதில்தான் முதன்முதலாகப் பென்சில் பிடித்தாள். இவெட் அவளிடம் ஒரு நாள் நேராகவே மன்னிப்புக் கேட்டாள். “பழம் நல்லாத்தான் மிஸ் இருந்துச்சு” என்றாள் ஹலீமோ. அடுத்த ஜூனில் அவள் பத்தொன்பது வாங்கினாள். அதற்கடுத்து முப்பத்துநான்கு, பிறகு நாற்பத்தொன்று. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி லெனோராதான். கெட்டிக்காரர்களிடம் கேட்க வெட்கப்படுபவர்கள் கூட நடுவில் இருப்பவளிடம் கேட்க வெட்கப்படவில்லை. மாலையில் நூலகத்தில் அவளைச் சுற்றி ஐந்து மொழிகளில் சண்டை நடக்கும். இரண்டு ரயில் எதிரெதிரே புறப்பட்டு எப்போது சந்திக்கும் என்ற கணக்கில் ஹலீமோ மூன்று நாள் நின்றாள்.

“எதிரெதிரா ஒரே தண்டவாளத்துல வருதுன்னா கணக்கு எதுக்கு? ஓடிப்போய் ஸ்டேஷன் மாஸ்டர எழுப்பு.”

“அவர் எந்திரிக்க எத்தன நிமிஷம் இருக்குன்னு தெரிய வேணாமா?” என்றாள் லெனோரா.

ஹலீமோ பென்சிலை எடுத்தாள்.

2013இல் சொந்தப் பள்ளியின் தாள்களை ஆசிரியர்களே திருத்தக்கூடாது என்று விதி வந்துவிட்டது. முன்னூறு தாள்களும் பக்கத்து ஊருக்குப் போயின. முடிவு வரும் நாளில் இவெட் அலுவலகத்தில் கான்செட்டாவின் மேசையருகே நின்றாள். கான்செட்டாவுக்கு எழுபத்தொரு வயது. பதிவேட்டில் லெனோரா பைக்கின் வரியை முடிக்காமல் ஓய்வு பெறமாட்டேன் என்று மூன்று தலைமை ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டவர். பட்டியல் அச்சாகி வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடினார். அந்த விரல் நின்ற இடத்தில் 65.03 என்றிருந்தது. “யாரையாவது வெளிய அனுப்பினியா இந்தத் தடவ?” என்று கேட்டார். இவெட் இல்லை என்று தலையசைத்தாள். காய்ச்சலோடு வந்தவனைக் கூட உட்கார வைத்து எழுத வைத்திருந்தாள்.

ஹலீமோ அறுபத்தேழு வாங்கியிருந்தாள். அவள் பத்து மதிப்பெண் குறைவாக வாங்கியிருந்தால் சராசரி அறுபத்தைந்துக்குக் கீழே விழுந்திருக்கும். முயா குடும்பத்தார் இன்றும் அதைச் சொல்வார்கள். ஆனால் முன்னூறு பேரில் யார் பத்துக் குறைத்து வாங்கியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். ஆகவே ஹாலென்பெக்கில் பள்ளிப் பிள்ளை இருந்த ஒவ்வொரு வீட்டிலும் லெனோராவைத் தேற வைத்தது எங்கள் பிள்ளைதான் என்று சொல்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரர் தம் மகளின் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அவர்களில் யார் சொல்வதும் பொய்யில்லை.

விழாவுக்கு நாற்பத்தொன்பது செட்டுக்காரர்களும் வந்தார்கள். கால்பந்து மைதானத்தில் இடம் போதாமல் பலர் கார் கூரைகளில் உட்கார்ந்தார்கள். 1965ஆம் ஆண்டுக்காரர்கள் கைத்தடியோடு வந்திருந்தார்கள். பெயரை இவெட் வாசித்தாள். லெனோரா பத்து விரலாலும் சான்றிதழை வாங்கி, மேடையிலிருந்து இறங்கி, கடைசிப் படிக்கட்டில் நின்றுகொண்டாள். இவெட் மீதிப் பெயர்களையெல்லாம் வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் அங்கேயே நின்றாள். இவெட் முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

“முப்பத்துநாலு வருஷம் லேட்டுடி நீ” என்றாள் லெனோரா.

கான்செட்டா பதிவேட்டில் அந்த வரியின் கீழே கோடு போட்டார், மறுநாள் ஓய்வு பெற்றார். செப்டம்பரில் மூன்றாம் வரிசை இருக்கையில் நேபாளத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை உட்கார்ந்தது. பள்ளிக்கு இப்போதும் சராசரி உண்டு. அது காகிதத்தில் மட்டும் வருகிறது.

லெனோரா நான்கு செம்புள்ளிகளோடும் அந்தக் கடைசி ஆண்டு முகத்தோடும் இவெட்டின் மாடியறையில் வாடகைக்குக் குடிவந்தாள். ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். அடுத்த பிறந்தநாளில் அவளுக்குப் பதினெட்டு வயது ஆனது. மாலைக் கல்லூரியில் சேர்ந்து முதல் பருவத்தில் கணக்குப் பாடம் எடுத்தாள். முடிவு தபாலில் வந்தது. இருவரும் சமையலறையில் நின்று உறையைப் பிரித்தார்கள். எண்பத்து மூன்று. இவெட் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பியும் பார்த்தாள். எண்ணுக்குப் பின்னால் புள்ளி எதுவும் இல்லை.