குவார்ட்ஸைத் தொட்ட நீலம்

இன்னும் இரண்டு சுற்று தேய்த்தால் ரேவதியின் அதிர்ஷ்டம் மாவாகிவிடும். கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த பாறைச் சீவலை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சங்கரி அதைத்தான் யோசித்தாள். பாவ புண்ணியமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றின் ஜியாலஜி துறையில் கல் தேய்ப்பது அவள் வேலை. பாறையை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற வரைக்கும் தேய்க்க வேண்டும், தலைமுடியை விட மெல்லிசாக. ரேவதி அங்கே பேராசிரியை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் எம்.எஸ்சி. படித்தவர்கள். முதல் மார்க் சங்கரிக்கு. அவளுடைய ரெக்கார்டைப் பார்த்து எழுதித்தான் கூரம் கிராமத்து ரேவதி பாஸே செய்தாள். அப்புறம் சங்கரிக்குப் பிள்ளையார்பாளையத்தில் கல்யாணம், தறி, இரண்டு பிரசவம். ரேவதிக்கு டாக்டர் பட்டம். போன மாதம் டெல்லிக் கருத்தரங்குக்கு அவள் கட்டிக்கொண்டு போனது சங்கரியின் புருஷன் நெய்த சேலை. போட்டோவைச் சங்கரி திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன் வீட்டுச் சேலைகூட டெல்லி பார்த்துவிட்டது, தான் செங்கல்பட்டைத் தாண்டவில்லை!

இந்தக் கல்லை ரேவதி கங்குவார்பட்டிப் பக்கத்து மலையில் எடுத்து வந்திருந்தாள். அதற்குள் ஒரு சஃபிரின் துணுக்கு இருந்தது. பேர் நீலக்கல்லை ஒட்டி வந்ததே தவிர, நீலக்கல் இல்லை. மக்னீசியமும் அலுமினியமும் கலந்த சிலிகேட், உலகத்தில் கொஞ்ச இடங்களில்தான் அகப்படும். வழக்கமாக அது குவார்ட்ஸோடு ஒட்டாது. நடுவில் வேறொரு கனிமம் வேலி கட்டிவிடும். இதில் வேலியைக் காணோம், இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன. தொள்ளாயிரம் டிகிரிக்கு மேலே வெந்த பாறைக்குத்தான் அப்படி வாய்க்கும். நான்கு வருஷமாக ரேவதி மலை மலையாய் ஏறித் தேடுவது இதைத்தான். பட்டதோ சங்கரியின் கண்ணில்.

"இன்னாம்மா சங்கரி, முடிஞ்சிதா?"

ரேவதி வந்தேவிட்டாள். இனித் தேய்க்க நேரமில்லை. சங்கரி தகட்டைத் திரும்ப வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ரேவதி மைக்ராஸ்கோப்பின் போலராய்டு வடிகட்டியை உள்ளே தள்ளிவிட்டுக் குனிந்தாள். அது குறுக்கே இருந்தால் கல்லின் சொந்த நிறம் தெரியாது. தெரியக்கூடாது, இவளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று சங்கரியின் மனசு அடித்துக்கொண்டது.

"ஒண்ணுமே இல்லப்பா. எல்லாம் சாம்பலா இருக்குது. தூக்கிப் போட்டுடு."

வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. சங்கரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்ததோ ஆத்திரம். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இவளுக்குத் தனி ரூம், நாற்காலி, டெல்லி?

"நகருடி" என்றாள். பத்து வருஷமாக வாயில் வராத 'டி'. போலராய்டை வெளியே இழுத்துவிட்டு, தகட்டைக் கொஞ்சம் திருப்பினாள். "இப்ப பாரு. நீலம் ஏறி எறங்குது பாரு. ஒட்டிக்கினு இருக்கறது குவார்ட்ஸ்."

குனிந்த ரேவதி நிமிரவே இல்லை. "ஐயோ, தொட்டுக்கினு இருக்குதே!" கை மட்டும் கேமராவைத் தேடித் துழாவியது. "கெடைச்சிட்ச்சி... நான் கண்டுபுடிச்சிட்டேன்பா!"

சங்கரி மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

"யாரு கண்டுபுடிச்சது?"

ரேவதி மெதுவாக முகத்தைத் தூக்கினாள்.

"கட்டுரையில என் பேரு வரணும். மொதல்ல வரணும்."

ரேவதியின் கண்ணைச் சுற்றி லென்ஸ் குழாய் அழுத்திய வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சங்கரி சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.