புகை காட்டிய புத்தகம்

அழகுமலை எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. வானம் வெளுத்திருந்தால் மழை எங்கோ ஒளிந்திருக்கிறது என்பார். யாராவது வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனால், எழுந்து போய் வேலியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவரிடம் பதினைந்து வயது மகள் பொன்னுத்தாய் வந்து, "பூண்டுக்குப் புகை போடுற சோலிய நான் பாத்துக்கிறேன்ப்பா" என்றால் அவர் மனசு சும்மா இருக்குமா?

மேல்மலையில் அந்த வேலைக்கு யாரும் முந்திக்கொண்டு வர மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை, கதவைத் தவிர வெளிச்சத்துக்கு வேறு வழி கிடையாது. விதைப்பூண்டு கெட்டுப்போகாமல் இருக்க, அதைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கீழே ஈர விறகை மூட்டி, கொழுந்துவிடாமல் பகல் முழுக்கப் புகைய விட வேண்டும். கண் எரியும், தொண்டை கமறும். போன வருஷம் வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், இப்போது விடிந்ததும் விடியாததுமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அது அறுபத்தொன்றாம் வருஷத்துத் தை மாசம். கொடைக்கானல் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கிற பொன்னுத்தாய் குளிர்கால லீவுக்கு வந்திருந்தாள். அந்த மாசம் இருபதாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளுடைய தாய்மாமன் திருமலைச்சாமி பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மகளைத் திரும்பப் படிக்க அனுப்புவதா, கட்டிக்கொடுப்பதா என்று அழகுமலை இன்னும் வாயைத் திறக்கவில்லை. மகள் ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்காததே அவருக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் நாள் குடிசைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள் மட்டும்தான் இருந்தாள். நாலாம் நாள் கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தாள். "புகைப்பா" என்றாள். புகைக்குச் சிவந்த கண்ணும் அழுது சிவந்த கண்ணும் ஒன்றாகவா இருக்கும்? பெற்றவருக்குத் தெரியாதா?

அப்போதுதான் அவருக்கு அந்தப் பொட்டலம் ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு ஏற்ற வருகிற லாரி டிரைவர் மயில்சாமி, போன வாரம் அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்ததை அவர் தோட்டத்திலிருந்து பார்த்திருந்தார். அடுத்த தடவை லாரி வந்தபோது மெள்ள விசாரித்தார்.

"பள்ளிக்கூடத்து டீச்சரம்மா குடுத்தாங்கண்ணே. உள்ள என்ன கெடக்குன்னு நான் பாக்கல" என்றான் மயில்சாமி. அதோடு விட்டிருக்கலாம். "ஆனா காலம் கெட்டுக் கெடக்குண்ணே. இப்பல்லாம் பயலுக எலுமிச்சஞ்சாத்துல கடிதாசி எழுதுறானுகளாம். வெறுந்தாள் மாதிரிதான் தெரியும். அனல் காட்டுனா எழுத்து வந்துரும். வத்தலக்குண்டு டீக்கடையில பேசிக்கிட்டாங்க" என்று ஒரு கொள்ளியையும் செருகிவிட்டுப் போனான்.

மறுநாள் பொன்னுத்தாய் துணி துவைக்க ஓடைக்குப் போன நேரம் பார்த்து அழகுமலை குடிசைக்குள் நுழைந்தார். சாக்கு அடுக்குக்குக் கீழே கை விட்டதும் தட்டுப்பட்டது. பழுப்பு அட்டை போட்ட புத்தகம். பெயர், 'நிழலைக் கொடுக்காதவள்'. பெயரே சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். மகள் திரும்பி வந்ததும், "உனக்குக் கண்ணு கெட்டுப்போகும் தாயி. இனிமே புகைய நானே பாத்துக்கிறேன்" என்றார். அவள் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சரிப்பா என்று போய்விட்டாள்.

குடிசைக்குள் உட்கார்ந்து முதல் பக்கத்தை விரித்து அனலுக்கு மேல் பிடித்தார். எழுத்து ஏதும் புதிதாக வரவில்லை. ஒரு பக்கத்தை அவசரமாகக் காட்டினால் கருகிவிடும், விதைப்பூண்டுக்குக் காட்டுவது போலப் பையத்தான் காட்ட வேண்டும். அத்தனை நேரம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை எங்கே வைப்பது? மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து வாசித்தார்.

அது ஒரு மலைராஜ்யம். அங்கே பதினைந்து வயது ஆனதும் பிள்ளைகள் தங்கள் நிழலை அரண்மனையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு எதற்கும் ஆசைப்பட மாட்டார்கள், சொன்ன வேலையைச் செய்துகொண்டு கிடப்பார்கள். ஒரு பெண் மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நிழலைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவளைப் பிடித்துவர ராஜா அனுப்புவது அவளுடைய அப்பனையே.

'என்ன புளுகு இது' என்றார் அழகுமலை. நிழலைச் சுருட்டுவதாம். ஆனால் அடுத்த பக்கத்தைக் காட்டினார். அதற்கு அடுத்ததையும் காட்டினார். இரண்டாம் நாள் மதியக் கஞ்சிக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பேசுகிற மூடுபனி ஒன்று அந்தப் பெண்ணுக்கு வழி காட்டுகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாம் நாள், அந்த அப்பன் மகளுடைய காலடியை மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிற இடத்தில், "அந்தப் பக்கம் போகாத தாயி, ஆத்துல எறங்கிப் போ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம் என்று உறைத்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாலாம் நாள் அவர் மனைவி குப்பம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, உள்ள யாருகூடப் பேசுறீங்க? தனியாச் சிரிக்கிறீங்க, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. என்னமோ மறைக்கிறீங்க."

"புகைடி" என்றார் அழகுமலை.

அன்று சாயங்காலம் கடைசிப் பக்கம் வந்தது. அந்தப் பெண் மலை விளிம்பில் நிற்கிறாள். முன்னால் பனி மூடிய பள்ளம். பின்னால் அப்பனுடைய செருப்புச் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கிறாள். முதல் பாகம் முற்றும் என்று போட்டிருந்தது. அழகுமலை அட்டையைப் பிரித்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார். கடிதாசியும் இல்லை, மிச்சக் கதையும் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. மாமன் வர ஒரு நாள்தான் இருந்தது. தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார்.

அவள் தலை நிமிராமல் கேட்டாள். "கடிதாசி ஏதும் தெரிஞ்சிச்சாப்பா?"

அவர் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மயில்சாமி அண்ணன் எங்கிட்டயும் அந்த எலுமிச்சம்பழக் கதையச் சொல்லுச்சு" என்றாள்.

"ரெண்டாம் பாகம் எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு. ஒரே எடத்துல வெச்சா ரெண்டும் போயிரும்னு தனியா வெச்சேன்."

"எடுத்துட்டு வா."

"நாளைக்கு மாமா வர்றாருல்லப்பா" என்று பறித்த களையை ஓரமாகப் போட்டாள்.

அழகுமலை வெகுநேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. எழுந்துபோய், சித்திரைக்கு மேல் பேசிக்கொள்ளலாம் என்று மைத்துனருக்கு ஆள் அனுப்பினார். வந்து மகளிடம் கை நீட்டினார்.

"லாரி ஏறும்போது தர்றேன்" என்றாள்.

"பெத்த அப்பன நம்ப மாட்டியா?"

"நீங்க என்னைய நம்புனீங்களாப்பா?"

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. மகளைப் படிக்க அனுப்பிய நாளிலிருந்து தான் அவளை வேவு பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வெள்ளனே லாரி வந்தது. அழகுமலை முதல் பாகத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். தாளெல்லாம் பழுத்து, புகையும் பூண்டுமாக மணத்தது. "டீச்சரம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்க ஊர்ல விதைக்கு வெக்கிறதுக்கெல்லாம் புகை காட்டுவோம்னு சொல்லிக்கிறேன்" என்றபடி ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மயில்சாமி வண்டியைக் கிளப்பினான். சக்கரம் உருண்ட பிறகுதான் அவள் கை வெளியே நீண்டது. அழகுமலை கூடவே நாலு எட்டு ஓடிப் புத்தகத்தை வாங்கினார்.

"அப்பன் புடிச்சிர்றானா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

"வாசிச்சுப் பாருங்க. மூணாம் பாகம் பள்ளிக்கூடத்துல இருக்கு, படிக்கிற பிள்ளைக பேருக்குத்தான் தருவாங்க."

லாரி வளைவில் மறைந்தது. குப்பம்மாள் அவர் பக்கத்தில் வந்து, புத்தகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இது மொத்தம் எத்தன பாகமாம்?"

அழகுமலை முதல் தாளைத் திருப்பினார். விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.

"ஏழு" என்றார். பிறகு, "உன் தம்பிய வேற எடம் பாக்கச் சொல்லு" என்றார்.