மேலே பழையது, கீழே புதியது

நூலகத்தின் சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. கடுகளவுகூட இல்லை. கணினித் திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்து அவள் விரல் நுனியால் துடைத்தாள். போகவில்லை. அடுத்த ஃபிரேமைத் திறந்தாள். அதில் புள்ளி வேறு இடத்தில் இருந்தது. அதற்கும் அடுத்ததில் மூன்று புள்ளிகள், அவற்றில் ஒன்று படிக்கட்டின் கைப்பிடி மேல். தனித்தனியாகப் பார்த்தால் யார் கண்ணிலும் படாது. ஆனால் இந்த ஃபிரேம்கள் எல்லாம் வரிசையாக ஓடிப் படமாகும்போது, இன்னும் கட்டப்படாத அந்த நூலகத்தின் சுவர்களில் பொறி பறப்பது போல இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேடம் படத்தை வாங்கிப் போக வருவார்.

மேடம் என்பவர் கட்டட வடிவமைப்பாளர். நூலகம் கட்டப்போகும் அறக்கட்டளைக்காரர்களிடம் அன்று மாலை அவர் படத்தைக் காட்ட வேண்டும். வாசலில் நுழைந்து, படியேறி, வாசிப்பு அறை வரை ஒருவர் நடந்து போவது போன்ற இரண்டு நிமிடப் படம். அதைச் செய்ய அவரிடம் ஏற்கெனவே ஆள் இருந்தான். அவன் திடீரென்று விட்டுப் போனதால்தான் இவளுக்கு வாய்த்தது. மாமனாரின் இதய அறுவை சிகிச்சையின்போது வேலையை விட்டவள். அவர் தேறி, மாடிப்படி ஏறி இறங்கி, எதிர்வீட்டுக்காரரோடு அரசியல் பேசிச் சண்டை போடும் அளவுக்கு ஆகிவிட்டார். இவள் மட்டும் திரும்பிப் போகவில்லை. "படம் நல்லா வந்துச்சுன்னா திங்கக்கிழமை வந்துடுங்க. ஜன்னல் ஓரத்துல ஒரு மேசை காலியா இருக்கு" என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த மேசையை அவள் பார்த்திருக்கிறாள். விட்டுப் போனவனின் காபி கோப்பை பதித்த வட்டம்கூட அதில் அப்படியே இருந்தது.

கணினி கூடத்து மூலையில், ஒரு மர ஸ்டூல் மேல் இருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளே படத்தைக் கணக்கிட்டு வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அவளுடையது புதியது, மூன்று விசிறிகளோடு தடித்துப் பருத்தது. மேல் இடத்தில் அது பொருந்தாததால் கீழே இறக்கப்பட்டிருந்தது. மேலே இருந்தது பழைய கார்டு. வேறு கம்பெனி, வேறு தலைமுறை, நினைவகம் பாதி. புதியது மட்டும் ஓடினால் படம் முடிய இரவு ஆகிவிடும் என்று தெரிந்ததும் கணவன் அதைக் கொண்டுவந்தான். கணினி பழுதுபார்க்கும் நிலையத்தில் அவனுக்கு வேலை. எதைக் கழற்றினாலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் எண் எழுதி வைக்கும் பழக்கத்தால் அங்கே அவன் பெயரே ஸ்டிக்கர்தான். இந்த இரண்டு கார்டுகளிலும் பூஜ்யம், ஒன்று என்று எழுதி ஒட்டியிருந்தான்.

பழைய கார்டுக்காக அவள் மரத்தை வெட்ட வேண்டியிருந்தது. நூலகத்தின் நடுமுற்றத்தில் ஒரு பெரிய மரம் வைத்திருந்தாள். இலை இலையாக ஒளி ஊடுருவும் மரம். இரண்டு கார்டுகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால், காட்சி முழுவதும் சின்ன கார்டின் நினைவகத்திற்குள்ளும் அடங்க வேண்டும். அடங்கவில்லை. மரத்தை எடுத்துவிட்டு நோஞ்சான் மரம் ஒன்றை நட்டாள். நேரம்தானே முக்கியம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

புள்ளிகள் வந்ததும் அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம், தப்பு தன்னுடையது என்பதுதான். இத்தனை வருடம் கை விட்டுப்போன தொழில். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறாள், அதன் வழியே வெளிச்சம் கசிகிறது. ஒவ்வொரு சுவராகத் திறந்து, மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடைவெளி இல்லை. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். கண்ணாடிகளை எடுத்துப் பார்த்தாள். கணவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பவன், ஒன்றும் சொல்லவில்லை. தன் மேல் நம்பிக்கை போய்விட்டதோ என்று அந்த மௌனத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

மாமனார் தோளில் துண்டோடு அறை வாசலில் வந்து நின்றார். கணினி ஓடும்போது வாட்டர் ஹீட்டரைப் போட்டால் மின்சாரம் டிரிப் ஆகும் என்று காலையில் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான் குளிக்கலாமா, இல்ல உங்க மெஷின் குளிச்ச பிறகா?"

"அஞ்சு மணிக்கு மேல குளிங்க மாமா. ப்ளீஸ்."

"ஆபரேஷன் தியேட்டர்லகூட என்னை இவ்வளவு நேரம் துண்டோட நிக்க வைக்கல" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அவள் ஒரு ஃபிரேமை மறுபடியும் ஓடவிட்டு, கண் இமைக்காமல் பார்த்தாள். படம் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரம்பும். புதிய கார்டு எடுத்துக்கொண்ட கட்டத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கோடு, பழையது எடுத்துக்கொண்டதைச் சுற்றி நீலக் கோடு. ஆரஞ்சு மளமளவென்று தாவியது. நீலம் ஒரு கட்டத்தை முடிப்பதற்குள் ஆரஞ்சு நாலைந்தை முடித்தது. புள்ளிகள் நீலத்தில் மட்டும் விழுந்தன. அவள் இன்னொரு ஃபிரேமை ஓடவிட்டாள். அதிலும் நீலத்தில்தான்.

தப்பு தன் சுவரில் இல்லை. ஒரு கணம் மூச்சு இலகுவாக வந்தது. உடனே அடுத்த பயம் வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டது.

"பழசுதான் புள்ளி போடுது."

"அப்ப பழசைக் கழட்டிடலாம்" என்றான் கணவன், ஏதோ சுமை இறங்கியவன் போல.

"கழட்டினா அஞ்சு மணிக்கு முடியாது. காலையில நல்லாத்தானே போட்டுச்சு? முதல் நூறு ஃபிரேம்ல ஒண்ணுகூட இல்லையே."

எழுந்து போய் ஸ்டூல் அருகே குனிந்தாள். மேசை விசிறியைக் கணவன் கீழ்ப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான். புதிய கார்டு அதிகம் சூடாகிறது, திரையில் காட்டுகிறது என்று சொல்லித்தான் திருப்பினான். அவள் கையை உள்ளே நீட்டி, விசிறிகளில் படாமல், கீழ்க் கார்டின் முதுகைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. மேல் கார்டைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"மேல இருக்கிறது கொதிக்குது."

"இல்லையே. சூடு பூஜ்யத்துக்குத்தான் காட்டுது. பூஜ்யம் புதுசு, ஒண்ணு பழசு. ஸ்டிக்கர் பாரு."

"நான் ஸ்டிக்கரத் தொடல. கார்டத் தொட்டேன். நீங்க கைய வைங்க."

அவன் வைத்தான். மேலே வைத்து எடுத்தான், பிறகு கீழே வைத்தான். கீழே வைத்த கையை எடுக்காமல், வேண்டியதைவிட அதிக நேரம் அப்படியே குனிந்திருந்தான். அவன் பின்கழுத்தில் வியர்வை கோடாக இறங்குவதை அவள் பார்த்தாள்.

"நம்பர் மாறிப் போச்சு" என்றான்.

"எந்த நம்பர்?"

அவன் மெதுவாகச் சொன்னான். படத்தைக் கட்டம் கட்டமாகப் போடும் ரெண்டர் மென்பொருள் வேகமான கார்டை முதலில் வைத்து எண்ணும். அதைப் பார்த்துத்தான் அவன் ஸ்டிக்கர் ஒட்டினான். வேகத்தை ஏற்றும் கட்டளையோ, மேலே இருப்பதிலிருந்து எண்ணும். அதற்குக் கார்டின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். சூடு காட்டும் மென்பொருளும் அப்படியே.

அவளுக்கு ஒரு சொல் மட்டும் காதில் நின்றது.

"வேகத்தை ஏத்தினீங்களா?"

அவன் கீழ்க் கார்டின் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"ஓவர்க்ளாக் வேண்டாம், கம்பெனி வச்ச வேகத்துலயே ஓடட்டும்னு காலையில சொன்னேனா இல்லையா?"

"கொஞ்சம்தான். புதுசு தாங்கும்னு..."

"புதுசு தாங்குற அளவுக்கு ஏத்தி, பழசு தலையில வச்சுட்டீங்க."

"டாக்டர் எனக்கு எழுதின மாத்திரைய பக்கத்து பெட்காரனுக்குக் குடுத்த கதையா இருக்கு" என்றார் மாமனார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"எப்ப ஏத்தினீங்க?"

"நீ பச்சத்தண்ணியில குளிக்கப் போனப்ப. மூணு மணிக்கே முடிஞ்சிடும், உனக்குக் கடைசியில ஒரு தடவை ஓட்டிப் பாக்க நேரம் கிடைக்கும்னு நினைச்சேன்."

"நான் ஒரு மணி நேரமா என் சுவத்துல ஓட்டை தேடிக்கிட்டிருந்தேன். பின்னாடிதானே நின்னீங்க?"

"நான் ஏத்தினது புதுசைன்னு நினைச்சேன். புள்ளி அதனால இருக்காதுன்னு..." என்றான்.

கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்துவதற்கும் நேரம் ஆகும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ரெண்டரை நிறுத்தினாள். விசிறிகளின் இரைச்சல் படிப்படியாக அடங்க, சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கார்டுகளையும் பழைய வேகத்துக்கு இறக்கி, மேல் கார்டு ஆறும்வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் மனம் நூறு கணக்குப் போட்டது. அடிபட்ட கார்டு இனி சரியாகப் போடுமா? போட்டாலும் நடுவில் நின்றுவிட்டால்? மேடத்திடம் இப்போதே போன் செய்து சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். "பரவாயில்லை" என்பார். பரவாயில்லை என்று அவர் சொல்லும் குரலை நினைத்ததும் போனை எடுக்கக் கை வரவில்லை.

ஒரு ஃபிரேமைச் சோதித்தாள். நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. புள்ளி இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. குளிக்கப் போன பிறகு வந்த ஃபிரேம்களை எல்லாம் தேர்ந்தெடுத்தாள். நல்லது எது, கெட்டது எது என்று பொறுக்க நேரமில்லை. அழிக்கும் விசையின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் பெரும்பகுதி அது. அழுத்தினாள். பிறகு மறுபடியும் ஓடவிட்டாள்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றான் கணவன்.

"எதையும் பண்ணாதீங்க. விசிறிய மேல திருப்புங்க."

திருப்பினான். அது போதாதென்று கார்டு வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து, ஸ்டூல் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து விசிறத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் மாமனார் எழுந்து வந்து, "கை மாத்து, உனக்கு ஒரே சீரா வீசத் தெரியல" என்று மூடியை வாங்கிக்கொண்டார். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வேலையப் பாரும்மா. நான் இன்னைக்குக் குளிக்கலைன்னா உலகம் ஒண்ணும் முழுகிடாது" என்றார்.

மதியம் போனது தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டு மேசையிலேயே காய்ந்தது. ஐந்து மணியை நெருங்கியபோது கடைசிக் காட்சி வந்திருந்தது. படி ஏறி முடிந்து, வாசிப்பு அறைக்குள் நுழைந்து, ஜன்னலோர மேசை ஒன்றில் பார்வை நிற்கும் காட்சி. வரைபடத்தில் அந்த மேசை இல்லை. அவளாக வைத்தது. இன்னும் கொஞ்சம் ஃபிரேம்கள்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்ப புதுசை மட்டும் லேசா ஏத்தினா முடிஞ்சிடும்" என்றான் கணவன், அவளைப் பார்க்காமல். "ரொம்ப இல்ல. இப்ப நம்பர் சரியாத் தெரியும்."

"தெரியுமா?"

"கீழ இருக்கிறது ஒண்ணு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரலில் பாதி கிழித்தெடுத்த ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். காலையிலும் சரியாகத்தான் இருந்தது. கட்டளைப் பெட்டியைத் திறந்தாள். கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது, முதல் தளத்தில் கொஞ்சம் நின்றது, மறுபடியும் ஏறியது. அவள் கை விசைப்பலகைக்கு மேலே, எதிலும் படாமல் நின்றது.

அழைப்புமணி அடித்தது. மாமனார் விசிறுவதை நிறுத்தவில்லை. கணவன் எழுந்து, அவளைப் பார்த்து, கதவைப் பார்த்து, எங்கும் போகாமல் நின்றான்.

திரையில் ஜன்னல் வந்துவிட்டது. ஜன்னல் வழியே நோஞ்சான் மரம் தெரிந்தது. மேசையும் அதன் மேல் சாயங்கால வெளிச்சமும் வந்துவிட்டன. நாற்காலி இருக்க வேண்டிய இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அதைச் சுற்றிப் பழைய கார்டின் நீலக் கோடு, நகராமல்.