சுபேதார் தாடியில் முளைத்த பயறு

"எங்க சுபேதார் தாடியில பயறு முளைச்சிருக்கு. இன்னும் ரெண்டு மழை பேஞ்சா கதிர் அறுக்க ஆள் விடணும்!"

திருவரங்குளம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் சோலையப்பன் இதை அறிவித்ததும், டீ ஆற்றிக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒரே ஆள், வெள்ளைச்சாமி. அவர் எதற்கும் சிரிப்பதில்லை. சோலையப்பன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் அவர் டிக்கெட் செக்கர். பெற்ற தாய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் டிக்கெட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் "சாப்பிட்டியா ஆத்தா" என்று கேட்கிற ஆள். இரண்டு பேரும் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும் சோலையப்பனுக்கு அளந்துவிடுகிற புத்தி போகவில்லை, வெள்ளைச்சாமிக்குச் சோதிக்கிற புத்தி போகவில்லை.

"பயறுக்கு ஏதுய்யா கதிரு? முதல்ல அதைச் சொல்லு" என்றார் வெள்ளைச்சாமி.

"தாடியில முளைக்கிற பயறுக்குக் கதிர் வரும் சார். அது தனி ரகம்."

"போன மாசம் விராலிமலை மயிலு பஸ்ல ஏறி, அடுத்த ஸ்டாப்புல தானா இறங்குச்சுன்ன. அந்த மாதிரிதானே இது?"

"மயிலு டிக்கெட் எடுக்கலைன்னுதானே சார் ஒங்களுக்குக் கோவம்?"

"போன்ல போட்டோ புடிச்சுக் காட்டுங்கண்ணே, நம்புறோம்" என்றாள் இன்னாசியம்மாள்.

"போட்டோவெல்லாம் வேணாம்" என்றார் வெள்ளைச்சாமி. "இப்பத்தான் போன்லயே யானைக்கு ரெக்கை கட்டிப் பறக்க விடுறானுங்களே. சாயங்காலம் நேர்லயே வாரேன். இருந்தா ஒத்துக்கிறேன். இல்லைன்னா சோலை, இனிமே இந்தப் பெஞ்சுல நீ வாயே திறக்கக் கூடாது."

"வாங்க சார். வரும்போது அரிவாளோட வாங்க."

சுபேதார் என்பது நாய். மகள் அருணா பெங்களூரில் வளர்த்து, மாப்பிள்ளையோடு மஸ்கட் போகும்போது இங்கிட்டு விட்டுப்போன நாய். ஷ்னாசர் என்று ஜெர்மன்காரன் ஜாதி. கண்ணை மறைக்கிற புருவம், இரண்டு பக்கமும் வழிகிற மீசை, மீசைக்கு அடியில் முழ நீளத்துக்குத் தாடி. (முழம் என்பது சோலையப்பன் கணக்கு.) அருணா வைத்த பெயர் குக்கி. இப்பேர்ப்பட்ட முகத்தைத் தின்பண்டத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடச் சோலையப்பனுக்கு மனசு வரவில்லை. வந்த அன்றைக்கே பட்டாளத்துச் சுபேதாராகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார். தெருவில் புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்றார்கள். ஒரு தடவை தபால்காரர் சல்யூட் அடித்தார் என்பதும் சோலையப்பன் கணக்குத்தான்.

ஆனால் பயறு முளைத்தது மட்டும் கணக்கில்லை. நிஜம். அதுதான் வேடிக்கை. ஆயுசுக்கும் அளந்துவிட்டு, முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்ல, அதற்குத்தான் ஊரே இப்படிச் சிரிக்கிறது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் முளைப்பாரிக்காகச் சம்சாரம் செல்வராணி பயறு ஊறப்போட்டிருந்தாள். சட்டிக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் தெளித்துவிட்டு வருவதற்குள், கொல்லையில் மிச்சம் இருந்த பாத்திரத்துக்குள் சுபேதார் காது வரைக்கும் முகத்தை விட்டுவிட்டது. சோலையப்பன் அவசரமாக அதை இழுத்துக்கொண்டு போய்ப் பம்ப்படியில் நிறுத்தி, அரப்புப் போட்டுத் தாடியைக் கும்மிக் கும்மி அலசினார். மறுநாளும் அலசினார். அதற்கு மறுநாளும். முடி சிக்குப் பிடித்துத் திரித்திரியாகத் தொங்கியது. தண்ணீர் விட்டால் சிக்கு விடும் என்பது அவர் நினைப்பு. சிக்கோ இறுகிக் கம்பளி மாதிரி ஆகிவிட்டது. அதற்குள்ளே மாட்டிக்கொண்ட பயறுக்கு வேறென்ன வேண்டும்? நிழல் இருந்தது, ஈரம் இருந்தது, நாயின் வாய்ச்சூடு இருந்தது, தினம் தண்ணீர் பாய்ச்ச ரிட்டயர் ஆன ஆள் ஒருத்தர் இருந்தார்.

சாயங்காலம் வந்து பார்க்கும்போது செக்கர் முகம் போகப்போகிற போக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டே சோலையப்பன் டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செல்வராணி நின்றாள்.

"ஏங்க, இது காலையில வச்ச சோத்தைத் தொடவே இல்லை. செவுத்துல மூஞ்சியைத் தேய்ச்சுக்கிட்டே கெடக்கு."

சுபேதார் மூலையில் படுத்து, முன்னங்காலால் தாடையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. சோலையப்பன் தாடியைத் தூக்கிப் பார்த்தார். கம்பளிக்கு அடியில் தோல் சிவந்திருந்தது. அவர் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அருணா ஊருக்கு வருகிறாள். விட்டுப்போகும்போதே சொல்லியிருந்தாள்: "தெனமும் சீவணும்ப்பா. தாடியைக் கெடுத்து மொட்டையடிச்சீங்கன்னா நான் திருச்சியில எங்க நாத்தனார் வீட்டுலயே விட்டுருவேன்." திருச்சியில் விட்டால் சோலையப்பன் யாரிடம் பேசுவார்? செல்வராணி அவர் கதை ஆரம்பிக்கும்போதே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஊரார் பாதியில் சிரிப்பார்கள். சுபேதார் ஒன்றுதான் தலையைச் சாய்த்து, ஒரு புருவத்தைத் தூக்கி, கடைசி வரைக்கும் கேட்கும். அந்த மயில் கதையை அது எத்தனையோ தடவை கேட்டுவிட்டது. ஒரு தடவைகூட டிக்கெட் கேட்டதில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் கலைமதிக்குப் போன் போட்டார்.

"தண்ணியே காட்டாதீங்க சார், நனைச்சா இன்னும் இறுகும்" என்றாள் டாக்டர். "சோளமாவைத் தூவி, விரலாலயே கொஞ்சங்கொஞ்சமாப் பிரிங்க. முடியோட அடியை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, நுனியிலேர்ந்து சீவுங்க. அப்பத்தான் தோலை இழுக்காது. இனிமே தின்னாலும் குடிச்சாலும் தாடியைத் தொடைச்சு விட்றணும்."

"சாயங்காலம் வரைக்கும் அப்படியே வச்சிருக்கலாமா டாக்டர்?"

"எதுக்கு?"

"ஒருத்தர் தாடியைப் பார்க்க வாராரு..."

"புண்ணாயிட்டா மெஷின் போட்டு மழிக்க வேண்டியதுதான். அப்பறம் அவர் மொட்டைத் தாடையைத்தான் பார்ப்பாரு."

போனை வைத்துவிட்டுச் சோலையப்பன் சுபேதார் பக்கம் திரும்பினார். ஆயுசுக்கும் ஒரே ஒரு சாட்சி கிடைத்தது. அதையும் தன் கையாலேயே அழிக்க வேண்டும். சுபேதார் எழுந்து வந்து அவர் முழங்காலில் தாடையைத் தேய்த்தது.

"ராணி, அந்தச் சோளமாவை எடு. பேன் சீப்பையும் எடு."

"என் சீப்பா? நாய்க்கா?"

"சுபேதாருக்கு."

முனகிக்கொண்டே கொண்டுவந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். மாவு தூவியதும் சுபேதார் நூறு வயசுக் கிழவன் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு திரியாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் வெளிறின முளை ஒன்று முடியோடு முடியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. வலித்தபோது சுபேதார் உறுமியது. அவர் மயில் கதையை முதலிலிருந்து சொன்னார். அடங்கிவிட்டது.

செல்வராணி ஒரு முளையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பயறு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அட மூதேவி! அம்மனுக்கு ஊறப்போட்டதுலயா வாய் வச்ச?"

"அம்மன் பங்கு கோயிலுக்குப் போனதுக்கு அப்பறந்தான் வச்சான். மிச்சத்துலதான்."

அவள் யோசித்தாள். முளைப்பாரி எப்படி வந்திருக்கிறதோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தவள் அவள். எடுக்கிற நாள் வரைக்கும் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. கடைசியில் முகம் தெளிந்து, "நாய்த் தாடியிலேயே இம்புட்டு முளைச்சிருக்குன்னா, சட்டியில சும்மா நிமிர்ந்துல்ல நிக்கும்!" என்றாள். சுபேதாருக்கு அன்றைக்குத் தயிர்ச்சோறு கிடைத்தது.

செக்கர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வெள்ளைச்சாமியும் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே வந்து நின்றார். சுபேதார் தாடி பட்டுப்போல விரிய, மீசை இரண்டு பக்கமும் சமமாக இறங்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எங்கய்யா வயலு?"

"எடுத்துட்டேன் சார். தோல் செவந்து போச்சு. பாவம், தாங்கலை." தட்டில் கிடந்த முளைகளைக் காட்டினார்.

"இதைப் புதுக்கோட்டையில பொட்டலம் கட்டி விக்கிறான்."

"ஆமா சார்."

எதிர்த்துப் பேசாத சோலையப்பனை வெள்ளைச்சாமி இதுவரை பார்த்ததில்லை. சந்தேகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். சுபேதார் போய், தயிர் வாசனை மாறாத தாடையை அவர் மடியில் வைத்தது. வேட்டி என்ன ஆகுமோ என்று அதைத் தள்ளப் போனவர், தடவிக் கொடுத்தார். கை தாடைக்கு அடியில் போனது. கட்டைவிரல் பழக்கத்தில் தேய்த்தது. நின்றது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தொண்டைக்குழி ஓரத்தில், சீப்புக்குத் தப்பிய ஒரு சிறு முடிச்சு. பிரித்தார். நிதானமாக, தோலை இழுக்காமல், அடியை அழுத்திப் பிடித்துத்தான் பிரித்தார். கையில் வந்ததை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை சோலையப்பன் டீக்கடைக்குப் போகத் தயங்கித்தான் போனார். சுபேதார் முன்னால் நடந்தது.

"என்னண்ணே, அறுவடை முடிஞ்சுதா?" என்றாள் இன்னாசியம்மாள். பெஞ்சு சிரித்தது.

சோலையப்பனால் எவ்வளவு நேரம்தான் வாயை அடக்க முடியும்? "முடிஞ்சுது தாயி. ரெண்டு அடி ஒசரம். மூணு மரக்கால் பயறு கண்டுச்சு."

எல்லாரும் வெள்ளைச்சாமியைப் பார்த்தார்கள். அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே வாடிப்போன ஒரு முளை. அதன் வேரில் நரைத்த நாய்முடி சுற்றியிருந்தது.

"ரெண்டு அடியெல்லாம் இல்லை" என்றார். "ரெண்டு எலை. ஆனா முளைச்சது நிசந்தான்யா. என் கையாலதான் புடுங்குனேன்."