பட்டினி போட்டால் கொழுப்பவை

அறையில் இருந்தவர்கள்: அக்கா, அவளுடைய தம்பி, சோப்புக் கம்பெனிக்காரர், தொட்டிக்குள் எண்ணி மாளாத ஈஸ்ட்.

ஜூஸ் ஆலை கழித்துக் கொட்டும் அழுகல் பழத்தைத் தின்று, உடம்புக்குள் எண்ணெய் சேர்க்கும் ஈஸ்ட் அது. அந்த எண்ணெய் பிடித்தால்தான் கம்பெனிக்காரர் வாங்குவார். இல்லாவிட்டால் அக்கா கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் கொஞ்சம் ஈஸ்ட்டை எடுத்து, உள்ளே இருக்கும் எண்ணெய் வெளிவர உடைத்து, சோதனைக் குழாயில் ஊற்றி இயந்திரத்தில் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே மிதக்க வேண்டிய மஞ்சள் எண்ணெய் பேருக்குக்கூட இல்லை. அடியில் வண்டல் மட்டும் வழக்கத்தைவிடத் தடியாக இருந்தது.

"டேய், தொட்டியில என்னத்தைடா போட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. செடிக்குப் போடுற யூரியா, ஒரே ஒரு கைப்பிடி. பாவம், வெறும் சர்க்கரைத் தண்ணியில கிடக்குதுங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். யூரியாவிலுள்ள நைட்ரஜன் கிடைத்தால் ஈஸ்ட் குட்டி போட்டுக்கொண்டே போகும். அது கிடைக்காமல் தவித்தால்தான் தின்ற சர்க்கரையை எண்ணெயாக்கிப் பதுக்கும்.

"பட்டினி போட்டாத்தான்டா இதுங்களுக்குத் தொப்பை விழும்!"

"எனக்கு மட்டும் ஏன்க்கா தின்னா விழுது?"

கம்பெனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "புதுசா ஒரு தொட்டி போடும்மா, அடுத்த வாரம் வர்றேன். தம்பி கை மட்டும் அதுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"சத்தியமா தொடமாட்டேன்க்கா. சும்மா எட்ட நின்னு பாத்துக்கிறேன்."

அவன் சட்டைப்பை புடைத்திருந்தது. அக்கா அதிலிருந்த யூரியாப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவனை வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.