மாமனார் எழுகிறார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெண் எடுத்த வீட்டிலிருந்து நான் கேட்காமல் எடுத்துவந்த ஒரே பொருள் இந்தக் கதைதான். என் மனைவி, மாமனார், மாமியார் மூவரும் மேடை மல்யுத்தக்காரர்கள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கியவர்களுக்காக அடித்துக்கொள்வது தொழில். அதில் மாமனாருடைய வேலை தோற்பது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை, பாவம். அதை நான் சிரிப்புப் படமாக எழுதி விற்றேன். கடைசிக் காட்சியில் அவர் ஜெயிப்பார்.

2

இந்தக் கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "தோற்பதற்கென்றே பிறந்த ஒரு பயில்வான்..."

வேண்டாம். அடுத்து: "வெற்றியின் ருசியே அறியாத அவர்..." சீ, போஸ்டர் வாசகம்.

[இங்கே அவர் முகத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாக வந்துவிட்டது. அதனாலேயே அடித்துவிட்டேன்.]

3

படத்தில் மாமனாராக மாமனாரே நடித்தார். எதிராளி என் மனைவி, நடுவர் மாமியார். மகள் கயிற்றின் மேலிருந்து அப்பா மேல் குதித்து, இரண்டு தோளையும் தரையோடு அழுத்துவாள். நடுவர் மூன்று முறை தரையைத் தட்டிவிட்டால் தோல்வி. இரண்டாவது தட்டில் அவர் உதறிக்கொண்டு எழ வேண்டும். 'மாமனார் எழுகிறார்' என்று எழுதினேன். எழுதுகிறவனுக்கு என்ன போயிற்று?

முந்தின நாள் அவர் என்னிடம், "மாப்பிள்ளை, ஒரு தடவை ஜெயிச்சுட்டு நிறுத்திக்கறேன். இந்த உடம்பு உழைச்சது போதும்" என்றார்.

முதல் நாலு டேக்கிலும் விழும்போது ஐயோ அம்மா என்று ஊரைக் கூட்டினார்.* ஐந்தாவதில் சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு. அவர் எழவில்லை. மூன்றாவது தட்டுக்கு மாமியார் கை கொஞ்சம் தயங்கியது. அதையும் நடிப்பென்றே நினைத்தேன். டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெயிக்கச் சொன்னாலும் தோற்கிறாரே மனுஷன், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். நானும் சிரித்தேன்.

* வலிக்காதபோது கத்துவதும், நிஜமாக வலித்தால் வாயை மூடிக்கொள்வதும் அந்த வீட்டுப் பழக்கம். எனக்கு இது தெரியும். அன்றைக்கு உறைக்கவில்லை.

4

மனைவிக்கு உறைத்துவிட்டது. தோளை விடப் போயிருக்கிறாள். காதோடு அவர் சொன்னதைப் பிற்பாடு சொன்னாள்: "விடாதம்மா. கை கால் எதுவும் வரல எனக்கு. படுத்திருக்கிற வரைக்கும் நடிப்புன்னு நினைச்சுக்குவாங்க."

மூன்று முடியும்வரை அவள் அப்பாவை அழுத்திக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னத்தைப் பேசுவாள்?

5

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

அ) ஆறு மாதத்தில் ஒரு விரல் அசைகிறது. (டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.)

ஆ) மனைவி என்னை மன்னித்து

இ) நான் இந்தக் காட்சியை எழுதவே

எதுவும் நிற்கவில்லை. அவர் கட்டிலில் கிடக்கிறார். மாமியார் ஸ்பூனில் ஊட்டுகிறாள். படம் நன்றாக ஓடுகிறது. தினமும் ஒன்றையேதான் கேட்கிறார்: "மாப்பிள்ளை, கடைசியில நான் கிடக்கிற இடத்துல ஜனங்க சிரிக்கிறாங்களா? ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

தியேட்டர் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். சிரித்தால் என்னால் தாங்க முடியாது. சிரிக்காவிட்டால் அவரால் முடியாது. நீங்கள் போய்ப் பாருங்கள். விஷயம்தான் இப்போது உங்களுக்கும் தெரியுமே. அந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நேரே வீட்டுக்கு வந்து, கட்டிலருகே குனிந்து, அவரிடம் சொல்லுங்கள்.